கொக்குக் கடையில் தங்கிய ஆடி

“அந்தக் கண்ணாடிக் கடைக்குள்ள மட்டும் இன்னும் ஆடி முடியலைங்கக்கா” என்று ஹோப்ஸ் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிற பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். இன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே முழம் போட்டு மல்லிகையை அறுத்துக் கொடுத்தாள், வாங்கினவளும் அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு காந்திபுரம் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

அவள் சொன்ன கண்ணாடிக் கடை, சுவரெல்லாம் கண்ணாடி வைத்த கார் கடை, அதுதான் நான் வேலை பார்க்கிற இடம்.

ஊருக்கெல்லாம் ஆவணி பிறந்து, முகூர்த்த நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அவிநாசி சாலையின் கல்யாண மண்டபங்களில் வாழைமரம் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த நேரம் அது. அந்தச் சாலையில் பெரிய விலைக்குக் கார் விற்கிற கடைகள் மூன்று பக்கம் பக்கமாக இருக்கின்றன. முதல் கடை வண்டியின் மூக்கில் வெள்ளியில் ஒரு மீன். கடைசிக் கடை வண்டியில் இருப்பது உண்மையில் ஆந்தை, ஆனால் ஆந்தையை முன்னால் வைத்துக்கொண்டு எந்த மில் முதலாளியும் வாசலை விட்டுக் கிளம்பமாட்டார் என்பது தெரிந்து அந்தக் கடைக்காரர்கள் முதல் நாளிலிருந்தே அதைக் கருடன் என்று சொல்லி விற்கிறார்கள், ஊரும் கருடன் என்றே ஏற்றுக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் அதன் நெற்றியில் சந்தனம் வைக்கிறது. நடுவில் எங்கள் கடை. எங்கள் வண்டியில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு நிற்கும். மாதம் முடிந்ததும் மூன்று கம்பெனிகளும் எத்தனை வண்டி விற்றன என்பதை மூன்று கோடுகளாக வரைந்து மும்பைக்கு அனுப்புவது என் வேலை. புள்ளியியல் படித்தவள் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். என் மேசை ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து எல்லாரையும் பார்க்கலாம்.

அந்தக் கோடுகளுக்கு ஒரு குணம் உண்டு. சித்திரையில் எழும், வைகாசியில் தாவும், ஆனியில் மூச்சு வாங்கும், ஆடியில் மூன்றும் ஒன்றாகத் தரையில் படுத்துக்கொள்ளும், ஆவணியில் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு ஆயுத பூஜைக்குள் உச்சியில் போய் உட்கார்ந்துவிடும். மும்பையில் இருப்பவர்களுக்கு மாதம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். எங்களிடம் வாங்குகிறவர்களுக்கு ஆடி, ஆவணி. ஒன்றின் மேல் ஒன்று பாதி சாய்ந்து தூங்குகிற பயணிகளைப்போல இரண்டு கணக்கும் வருஷம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் காலாண்டுக் கடைசியில் இலக்கை எட்ட வேண்டும் என்று, ஜூலையில் போக வேண்டிய வண்டிகளுக்கும் ஜூனிலேயே பில் போட்டுவிட்டார் எங்கள் மேனேஜர் உண்ணிகிருஷ்ணன். எல்லாக் கடையிலும் நடப்பதுதான். எங்கள் கோடு ஜூனில் மீனையும் கருடனையும் தாண்டிப் போய் நின்றது, மும்பையிலிருந்து அவருக்குப் பூங்கொத்து வந்தது. பிறகு ஜூலை வந்தது. அதில் வாங்குவதற்கு ஆள் ஒருவரும் மிச்சமில்லை, பாதியில் ஆடியும் பிறந்துவிட்டது. கடைசி நாள் சாயங்காலம் நான் பூஜ்யம் போட்டுக் காட்டியபோது அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றாவது போகும், அதுவரைக்கும் ஜூலைக் கணக்கை மூட வேண்டாம், மும்பையிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். பூஜ்யம் எழுதிய மேனேஜரைக் கம்பெனி அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வைத்திருப்பதில்லை என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும்.

ஆவணி முதல் தேதி காலையில் கோயமுத்தூர் முழுவதும் காற்று நின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கொடியில் காய்கிற துணிகளையும் கூரைத் தகரங்களையும் மனிதர்கள் பேசுகிற பேச்சில் பாதியையும் அள்ளிக்கொண்டு போன காற்று, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. எங்கள் கடைக்குள் மட்டும் அது நிற்கவில்லை. கதவுகள் மூடியிருந்தன, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் பளபளக்கிற தரையில் செம்மண் புழுதி மெல்லச் சுழன்றது, விலைப் பட்டியல்கள் எழுந்து பறந்தன, எங்கிருந்தோ வேப்பிலைகள் வந்து வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டின, மதியத்துக்கு மேல் சாரல்கூட அடித்தது. துடைக்கிற அம்மா துடைத்துக்கொண்டே இருந்தார். ஜூன் மாதம் ஜூலையின் சோற்றையும் சேர்த்துத் தின்றுவிட்டது, பசித்த மாதம் இலையை விட்டு எப்படி எழுந்து போகும் என்று அவர் சொன்னார். ஆடித் தள்ளுபடி நீட்டிப்பு என்று வாசலில் பேனர் கட்டினதால்தான் என்றார் காவலாளி. பாலக்காட்டுக்காரர் மேனேஜராக இருக்கிற இடத்தில் பாலக்காட்டுக் காற்று உறவு கொண்டாடாமல் என்ன செய்யும் என்று மீன் கடையில் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குமேல் யாரும் காரணம் தேடவில்லை.

அதற்குள் ஊர் எங்கள் ஆடியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. முதலில் பீளமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஆடி வெள்ளியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால் தவறிப்போனது என்றும், இங்கே இன்னும் ஆடி இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், ஒரு ஓரமாக ஊற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். உண்ணி சாருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. அடுத்த வெள்ளிக்கிழமை ஊரில் நேர்த்தி தவறினவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சொகுசு வண்டிகளுக்கு நடுவே அண்டாக்கள் ஏறின, கண்ணாடிச் சுவரில் வேப்பிலை கட்டினார்கள், வாங்குபவர்களுக்குக் காப்பி கொடுக்க வைத்திருந்த பீங்கான் கோப்பைகளில் கம்பங்கூழ் ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு கொடுத்தார்கள். மழை தவறி ஆடிப்பட்டத்தை விட்டுவிட்ட சூலூர்ப் பக்கத்து விவசாயிகள் விதை மூட்டைகளைக் கொண்டுவந்து ஒரு ராத்திரி எங்கள் காற்றில் வைத்திருந்து எடுத்துப் போய் விதைத்தார்கள், நன்றாக முளைத்ததாகச் சொன்னார்கள். ஒரு புடவைக் கடைக்காரர் ஆடித் தள்ளுபடி போட மூலையை வாடகைக்குக் கேட்டார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ஸ்கூட்டரில் வந்தால் எங்கள் கடைக்கு முன்னால் மட்டும் மனைவி இறங்கிச் சாலையின் அந்தப் பக்கமாக நடந்து, கருடன் கடை தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டாள். அந்த இடத்தில் வண்டிகள் தேங்குகிறதென்று போக்குவரத்துப் போலீஸ் அவர்களுக்காக ஒரு பாதை ஒதுக்கிக் கொடுத்தது.

கார் மட்டும் விற்கவில்லை. ஆடியில் யார் வாங்குவார்கள்? திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி சுப்பராயன் கறுப்புக் கொக்கு ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருந்தார். ஞாயிறுதோறும் வந்து, படியில் நின்றபடி கதவை ஒரு விரல் அளவு திறந்து, கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்ப்பார்.

“இன்னும் இருக்குதுங்க” என்று கையை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற தன் வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். ஒருமுறை அந்த வண்டியை வெளியே தள்ளிக்கொண்டுபோய்ச் சாலையில் நிறுத்திக் காட்டினோம். அதைச் சுற்றி மட்டும் புழுதி எழுந்தது. அவர் வருத்தப்படாமல், வாங்கினால் இதைத்தான் வாங்குவேன், அவசரமில்லை என்றார்.

மும்பையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். காற்று அவருடைய காகிதங்களை வாங்கிக்கொண்டது, கூழ் ஊற்றுகிறவர்கள் அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள், சட்டைப் பையில் வேப்பிலையோடு விமானம் ஏறினார். எங்கள் ஒரு கடையின் ஜூலை மூடாததால் தேசம் முழுவதிலும் கொக்குக் கம்பெனியின் ஜூலை மூடவில்லை. மாத விற்பனை நிலவரம் எழுதுகிற பத்திரிகைகள் மீன் இத்தனை சதவீதம் ஏறியது, ஆந்தை இத்தனை ஏறியது என்று எழுதிவிட்டு, கொக்குக்கு நேராக ‘மாதம் முடியவில்லை’ என்று மட்டும் அச்சிட்டன. வாசித்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். என் திரையில் மீனின் கோடும் கருடனின் கோடும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மேலே போய்க்கொண்டிருக்க, எங்கள் கோடு ஜூலையின் வாசற்படியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எல்லாருக்கும் பழகிவிட்டது, கௌரிசங்கருக்குத்தான் பழகவில்லை.

கௌரிசங்கர் எங்கள் கடையில் வண்டி காட்டுகிறவன். எதையும் மெதுவாகச் சொல்வான்; கதவைச் சாத்தினால் வெளியே உலகம் இருப்பதே தெரியாது சார் என்று அவன் சொன்னால் கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆனி மாதம் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் காங்கேயம், பெயர் சுகந்தி. அவள் அப்பா சென்னியப்பன் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் அவர் வந்து, வழக்கப்படி சீரெல்லாம் வைத்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாயும் பிள்ளையும் வாடும் என்பதற்காக எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். ஆவணி ஒன்றாம் தேதி வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று கௌரிசங்கர் சொல்லியிருந்தான்.

சொன்னபடி போனான். அவன் காங்கேயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் களத்துக்குள் நுழைந்தபோது, ஆவணியின் அசையாத வெயிலில் பரப்பியிருந்த கொப்பரைகள் நடுவே தேங்காய் நார் எழுந்து பறந்தது. அவன் தலைமுடி நின்றபடி ஆடியது, சட்டைக்குள்ளிருந்து ஒரு வேப்பிலை விழுந்தது. சென்னியப்பன் அவனுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, நல்லவிதமாகத்தான் பேசினார்.

“மாப்ளெ, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மேல இன்னும் ஆடி இருக்குதுங்க. அது போகட்டும், நானே கொண்டுவந்து விடறனுங்க.”

உள்ளே சமையலறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டதாகவும், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை என்றும் கௌரிசங்கர் திரும்பி வந்து எங்களிடம் சொன்னான். தலைக்குக் குளித்துப் பார்த்தான், சட்டைகளைப் புதிதாக வாங்கினான், பழனிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டான்; காற்று மொட்டைத் தலையிலும் புழுதி வைத்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். உண்ணி சார் மனசில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஆனால் ராஜினாமா மாதக் கடைசியில்தான் நடைமுறைக்கு வரும் என்பது கம்பெனி விதி, எங்களுக்கு மாதக் கடைசி வரவில்லை. வராமல் வீட்டிலேயே இருந்தும் பார்த்தான். அவன் பெயர் கடையில் இருந்ததால் காற்று வீட்டுக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வடகம் காயவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள், மறுபடி கடைக்கே வந்துவிட்டான்.

புரட்டாசி போனது. ஆயுத பூஜை அன்று மீன் கடையிலும் கருடன் கடையிலும் வண்டிகள் மாலை போட்டுக்கொண்டு வரிசையாகக் கிளம்ப, எங்கள் கடையில் பொரியும் கடலையும் தட்டிலிருந்து எழுந்து அறை முழுக்கப் பறந்தன. ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்குக் கடைகளில் கூட்டம் சேர ஆரம்பித்தது. கௌரிசங்கருக்கு அது தலைதீபாவளி. காங்கேயத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். கட்டிக் கொடுத்த பெண் மாதக்கணக்கில் பிறந்த வீட்டில் இருந்தால் ஊர் ஆடியையா குற்றம் சொல்லும்? பெண்ணிடம்தான் ஏதோ குறை என்றார்கள் சிலர், மாப்பிள்ளைதான் வேண்டாம் என்கிறான் போல என்றார்கள் சிலர். சென்னியப்பனின் பங்காளிகள் கூடி, மாதம் முடியாத இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டு எத்தனை காலம் காத்திருப்பது, தீபாவளிக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி உறவைத் தீர்த்துவிடுவது நல்லது என்று சொல்லி, நாளும் குறித்துவிட்டார்கள்.

அந்த நாளுக்கு முந்தின நாள் சுகந்தி வந்தாள்.

வெள்ளிக்கிழமை. கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு துணிப் பையோடு அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். காற்று அவள் முந்தானையை உடனே பிடித்துக்கொண்டது. யார் என்று தெரிந்ததும் கூழ் ஊற்றுகிற பெண்கள் பதறிப்போனார்கள். ஆடிக்குள் நின்று புருஷன் முகத்தைப் பார்க்கலாமா கண்ணு என்று ஒருத்தி கேட்டாள், இன்னொருத்தி மடித்து வைத்திருந்த புடவை ஒன்றை உதறினாள், இரண்டு பேர் இரண்டு நுனியைப் பிடித்துக்கொள்ள, கௌரிசங்கருக்கும் அவளுக்கும் நடுவே மாம்பழக் கலரில் ஒரு திரை விழுந்தது. திரை காற்றில் உப்பிக்கொண்டும் அடங்கிக்கொண்டும் இருந்தது. 

“சாப்பிட்டீங்களா?” என்றாள் சுகந்தி.

“கூழ்” என்றான் அவன்.

“தெனமுமா?”

“வெள்ளிக்கெழமை மட்டும். மத்த நாள்ல ஓட்டல்.”

திரையைப் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுகந்தி அதற்குமேல் அவனிடம் எதுவும் கேட்காமல், நேராக உண்ணி சாரின் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் வரவழைத்தார், தனக்கு எல்லாம் தெரியும் என்றும், ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றும், ஒரு வண்டி மட்டும் போய்விட்டால் மாதத்தை மூடிவிடலாம் என்றும், திருப்பூர்க்காரர் எப்படியும் எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னார்.

“அவருதான் ஆடி போனா எடுக்கறேங்கறாருங்களே.”

உண்ணி சார் மேசைமேல் பறக்கப் பார்த்த காகிதத்தைக் கையால் அமுக்கினார்.

“சார், ஒண்ணுமே விக்காத மாசம் மாசமில்லீங்களா?” என்று சுகந்தி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். “எங்கப்பா களத்துல ஐப்பசி மழைக்கு ஒரு கொப்பரை காயாதுங்க. காலையில பரப்புவாரு, தூறல் போட்டா அள்ளுவாரு, மறுபடி பரப்புவாரு. அப்புறம் ஒரு நாளு, இந்த மாசம் இல்லைன்னு சொல்லிக் களத்தக் கூட்டி விட்ருவாரு. ஐப்பசி அது பாட்டுக்குப் போயிருங்க. யாராவது ஒருத்தரு இல்லைன்னு சொல்லணுமில்லீங்களா?”

“மோளே,” என்றார் உண்ணி சார், “எனக்கு அப்படி எழுதிப் பழக்கமில்ல. எழுதினா இந்த நாற்காலியும் எனக்கில்ல.”

“தெரியுங்க. எங்க வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு.” அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். நாளைக்குப் பெரியவர்கள் உட்காருகிறார்கள் என்றும், அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருப்பதாகவும், காங்கேயம் பஸ் வரும்வரைக்கும் எதிர்ப்பக்கம் நிற்பதாகவும் சொன்னாள். திரையைத் தாண்டும்போது நிற்கவில்லை. அவள் போன பக்கமாகவே திரை உப்பியது. பெண்கள் அதை இறக்கினபோது கௌரிசங்கர் கண்ணாடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றிருந்தான்.

வெளியே வெயில் அசையாமல் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், தீபாவளித் துணிப் பைகளோடு நின்ற கூட்டத்தில் சுகந்தி தனியாகத் தெரிந்தாள். ஏதோ ஒரு பஸ் வந்து அவளை மறைத்தது. அது போனபோது அவள் அங்கேயே இருந்தாள். அவளும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் கண்ணாடியில் சாலையும் வானமும்தான் தெரியும், உள்ளே நிற்கிறவர்கள் தெரியமாட்டார்கள். இன்னொரு பஸ் வந்தது. அதுவும் காங்கேயம் இல்லை, ஈரோடு என்று கௌரிசங்கர் வாய்க்குள் படித்தான். உண்ணி சார் தன் நாற்காலியிலிருந்து அவனுடைய முதுகையும், அவனுக்கு அப்பால் அவளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வேப்பிலை அவருடைய மேசையில் இறங்கி, விளிம்புவரை நகர்ந்து, விழாமல் நின்றது. கூழ் ஊற்றுகிறவர்கள் அவருக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதைத் தொடவில்லை.

தூரத்தில், மேம்பாலத்து இறக்கத்தில், காங்கேயம் என்ற பலகையோடு பஸ் ஒன்று திரும்பியது.

உண்ணி சார் எழுந்தார். தூணைச் சுற்றி என் மேசைக்கு வந்து, கொஞ்சம் எழுந்துகொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் எழுந்து ஒதுங்கி நின்றேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜூலையைத் திறந்து, கொக்குக்கு நேராக இருந்த வெற்றுக் கட்டத்தில் ஒரு பூஜ்யத்தை அடித்து, மும்பைக்கு அனுப்பினார்.